உள்ளே இருக்கிற காற்று எங்கே போகும்? - கார் ரேடியேட்டரின் குட்டி வரலாறு



பி.காம் படிக்கிறவனுக்கு ரேடியேட்டரில் என்ன வேலை என்று வகுப்புத் தோழர்கள் சிரிப்பீர்கள். போன கோடை விடுமுறை வரைக்கும் எனக்கும் அதில் ஒரு வேலையும் இல்லை. செலவுக் கணக்கு எழுதுகிற பழக்கம்தான் என்னை இந்தப் பக்கம் இழுத்து வந்தது.

என் மாமா செகண்ட் ஹேண்டில் ஒரு கார் வாங்கியிருந்தார். குடும்பத்தோடு கொடைக்கானல் போகலாம் என்று முடிவானது. கிளம்புவதற்கு முதல் நாள் பானட்டைத் திறந்து பார்த்தால், ரேடியேட்டருக்குப் போகிற ரப்பர் ஹோஸ் வெடித்திருந்தது. பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தோம். ஹோஸை மாற்றி, தண்ணீரை விளிம்பு வரை ஊற்றி, அரை மணி நேரத்தில் கொடுத்துவிட்டார்கள். மொத்தச் செலவு அறுநூறு ரூபாய். லாபம் என்று நினைத்தோம்.

வத்தலகுண்டு தாண்டி மலை ஏற ஆரம்பித்தோம். டெம்பரேச்சர் முள் பாதிக்கும் கீழேதான் நின்றது. "வண்டி ஐஸ் மாதிரி போகுது பாருடா" என்று மாமா சொல்லி வாய் மூடவில்லை, முள் ஒரே தாவாகச் சிவப்புக்குப் போனது. பானட்டிலிருந்து வெள்ளைப் புகை. குழந்தைகள் அழ, அத்தை சாமியைக் கூப்பிட, ஓரமாக நிறுத்தினோம்.

பின்னால் வந்த லாரி ஒன்று நின்றது. டிரைவருக்கு அறுபது வயது இருக்கும். சுற்றிப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

"தம்பி, ஹோஸ் மாத்தினீங்களா?"

"ஆமாண்ணே, நேத்துதான்."

"ஏர் எடுத்தாங்களா?"

"தண்ணி ஃபுல்லா ஊத்தினாங்கண்ணே."

"தண்ணி ஊத்துறது சரி. உள்ள இருக்கிற காத்து எங்க போகும்?"

மாமாவுக்குப் பதில் தெரியவில்லை. எனக்கும்தான். அன்றைக்கு வண்டியை இழுத்துக்கொண்டு திரும்பி வந்தோம். ஹெட் கேஸ்கட் போய்விட்டது, ஹெட்டும் வளைந்துவிட்டது. பில் 27,000 ரூபாய். அறுநூறு ரூபாய் வேலையில் ஒரு வேலை விட்டுப்போனதற்கு இருபத்தேழாயிரம்!

அந்த லாரிக்காரர் கேட்ட கேள்வி மட்டும் மண்டையில் குடைந்துகொண்டே இருந்தது. காற்று உள்ளே மாட்டிக்கொள்கிற மாதிரி ஒரு இயந்திரத்தை ஏன் செய்தார்கள்? எப்போதுமே இப்படித்தானா? தேடிப் படித்ததில் கிடைத்தது ஒரு நல்ல கதை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், காற்று என்ன கெடுதல் செய்கிறது?

என்ஜினுக்குள் எரியும் பெட்ரோலின் சூட்டில் கணிசமான பகுதியைத் தண்ணீர்தான் வாங்கிக்கொண்டு போய் ரேடியேட்டரில் விட்டுவிட்டு வருகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி சூடேறும்போது வாங்கிக்கொள்கிற வெப்பத்தை, ஒரு லிட்டர் காற்று வாங்கிக்கொள்வதோடு ஒப்பிட்டால் சுமார் 3500 மடங்கு அதிகம். அப்படியென்றால் தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு டம்ளர் காற்று இருந்தால், அந்த இடத்து இரும்பையோ அலுமினியத்தையோ குளிர வைக்க ஆளே இல்லை என்று அர்த்தம்.

அதோடு முடியவில்லை. பம்ப்புக்குள் காற்று போனால் அது சும்மா சுற்றும், தண்ணீரைத் தள்ளாது. சூட்டைப் பார்த்துத் திறக்க வேண்டிய தெர்மோஸ்டாட் காற்றுக்குள் இருந்தால் அதற்குச் சூடு சரியாகத் தெரியாது, மூடியே கிடக்கும். டெம்பரேச்சர் சென்சார் காற்றுக்குள் இருந்தால் முள் கீழேயே நிற்கும். எங்கள் வண்டி 'ஐஸ் மாதிரி' போன ரகசியம் இதுதான். உள்ளே எரிந்துகொண்டிருந்தது, முள்ளுக்குத் தெரியவில்லை.

சரி, கதைக்கு வருவோம்.

கொதிக்கட்டும் விடு (1886)

கார்ல் பென்ஸ் 1886 ஜனவரி 29 அன்று தன் மூன்று சக்கர வண்டிக்குக் காப்புரிமை கேட்டு மனு செய்தார். அதில் தண்ணீரால்தான் குளிர வைத்தார். ஆனால் இன்றைய ரேடியேட்டர் கிடையாது. சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் இருக்கும், அது சூடாகி ஆவியாகி மேலே போய்விடும். குறையக் குறைய ஊற்றிக்கொள்ள வேண்டியதுதான். நம் வீட்டில் அடுப்பில் கொதிக்கிற உலை மாதிரி.

1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் கணவரிடம் சொல்லாமல் இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து போர்ட்ஸைமுக்கு, சுமார் 106 கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு போனார். வீஸ்லோக் ஊரில் மருந்துக்கடையில் எரிபொருள் வாங்கியது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதே பயணத்தில் வழியெல்லாம் திரும்பத் திரும்பத் தண்ணீர் தேடி ஊற்ற வேண்டியிருந்தது என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை.

அந்த வண்டியில் காற்று மாட்டிக்கொள்ளும் பிரச்சினை இல்லை. மேலே திறந்திருக்கிற பானையில் காற்று எங்கே மாட்டும்? தண்ணீர்ச் செலவுதான் பிரச்சினை.

தேன்கூடு (1901)

இதைத் தீர்த்தவர் வில்ஹெல்ம் மேபாக். டைம்லர் நிறுவனம் எமில் யெல்லினெக் என்ற வியாபாரிக்காகச் செய்த 35 குதிரைத்திறன் காரில், தன் தேன்கூடு ரேடியேட்டரை அவர் வைத்தார். யெல்லினெக்கின் மகள் பெயர்தான் மெர்சிடஸ். கார் அந்தப் பெயரிலேயே பிரபலமானது.

6 மில்லிமீட்டருக்கு 6 மில்லிமீட்டர் சதுரக் குழாய்கள் 8,070. அவற்றை அடுக்கிப் பற்றவைத்து ஒரு பெட்டி. குழாய்களுக்குள் காற்று ஓடும், குழாய்களுக்கு நடுவே இருக்கும் மெல்லிய சந்துகளில் தண்ணீர் ஓடும். பின்னால் ஒரு விசிறி. இவ்வளவு பரப்பு கிடைத்ததால் முழு வண்டிக்கும் 9 லிட்டர் தண்ணீர் போதுமானதாக இருந்தது. இன்றைக்குப் பல கார்களில் ஊற்றுகிற அளவிலிருந்து இது அதிக தூரத்தில் இல்லை!

அந்தப் பெட்டியை அவர் வைத்த இடத்தையும் கவனியுங்கள். வண்டியின் முகப்பில், செங்குத்தாக, என்ஜினின் உயரத்துக்கு நிமிர்த்தி வைத்தார். மூடி உச்சியில். அடுத்த அரை நூற்றாண்டுக்கும் மேல் கார் என்றால் இதுதான் முகம்.

உயரம் செய்த வேலை

ஃபோர்டின் மாடல் டி 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி வண்டிகள் வந்தன. ஆரம்பத்தில் வந்த சில ஆயிரம் வண்டிகளில் வாட்டர் பம்ப் இருந்தது. பிறகு ஃபோர்டு அதையும் எடுத்துவிட்டார். பம்ப்பே இல்லாமல் தண்ணீர் எப்படிச் சுற்றும்? சூடான தண்ணீர் லேசானது, மேலே போகும். குளிர்ந்த தண்ணீர் கனமானது, கீழே இறங்கும். என்ஜினில் சூடேறி மேல் ஹோஸ் வழியாக ரேடியேட்டர் உச்சிக்குப் போய், ஆறிக்கொண்டே கீழே இறங்கி, மறுபடி என்ஜினுக்கு வரும். இதற்குத் தெர்மோசைஃபன் என்று பெயர். பம்ப் செலவு மிச்சம், பழுதும் மிச்சம்.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ரேடியேட்டரின் தலை என்ஜினின் தலையைவிடத் தாழ்ந்து போகக் கூடாது. மேல் ஹோஸ் வாய்க்குக் கீழே தண்ணீர் மட்டம் இறங்கினால் ஓட்டமே நின்றுவிடும். அதனால் ரேடியேட்டரை உயரமாக வைத்தே ஆகவேண்டும்.

தண்ணீருக்காக வைத்த அந்த உயரம் காற்றுக்கும் வழி விட்டது. காற்று எப்போதும் உச்சிக்குத்தான் போகும். உச்சியில் மூடி இருக்கிறது. மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றினால், குமிழி குமிழியாகக் காற்று அதே வாய் வழியாக வெளியே வந்துவிடும். இதை யாரும் தனியாகக் கண்டுபிடிக்கவில்லை, யாருக்கும் சொல்லித்தரவும் வேண்டியிருக்கவில்லை. லாரிக்காரரின் கேள்விக்கு அன்றைக்கு மிகச் சுலபமான பதில் இருந்தது: "மேலே போகும்."

ஆகாயத்தில் ஒரு பாடம்

அடுத்த திருப்பம் விமானங்களில் வந்தது. 1930களில் வேகம் வேண்டும் என்றால் ரேடியேட்டர் சிறியதாக இருக்கவேண்டும். ரோல்ஸ் ராய்ஸின் காஸ்ஹாக் என்ஜினில் பழைய பென்ஸ் யோசனையையே பெரிய அளவில் முயன்றார்கள். தண்ணீரைக் கொதிக்கவிட்டு, நீராவியை இறக்கைக்குள் அனுப்பி ஆறவைத்து, மறுபடி தண்ணீராக்கித் திருப்பி அனுப்புவது. அந்த என்ஜினை வைத்து ஆர். ஜே. மிட்செல் வடிவமைத்த சூப்பர்மரைன் டைப் 224 விமானம் 1934இல் பறந்தது.

சரிவரவில்லை. ஆறி வந்த தண்ணீர் கொதிநிலைக்கு ஒட்டியே இருந்தது. பம்ப் அதை உறிஞ்சும்போது அழுத்தம் கொஞ்சம் குறையும். அந்தக் குறைவே போதும், பம்ப்புக்குள்ளேயே தண்ணீர் நீராவியாகிவிடும். நீராவி நிறைந்த பம்ப் எதையும் தள்ளாது. வாயு உள்ளே புகுந்தால் எவ்வளவு பெரிய என்ஜினும் திணறும் என்பது அங்கே தெரிந்தது.

மிட்செல் அடுத்துச் செய்ததுதான் 1936 மார்ச்சில் பறந்த ஸ்பிட்ஃபயர். அதன் மெர்லின் என்ஜினில் ஆவி விளையாட்டைக் கைவிட்டார்கள். முதலில் எத்திலீன் கிளைக்கால், பிறகு தண்ணீரில் 30 சதவீதம் கிளைக்கால் கலந்து, அழுத்தத்தில் அடைத்து ஓட்டினார்கள்.

அழுத்தம் ஏன்? சாதாரணமாகத் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். காற்றழுத்தத்துக்கு மேல் இன்னொரு மடங்கு அழுத்தம் கொடுத்து மூடி வைத்தால் 120 டிகிரி வரை கொதிக்காது. நம் வீட்டுக் குக்கர் கணக்குதான். மலையில் இது தலைகீழ். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம், அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்கே கொதித்துவிடும். பழைய பஸ்களும் லாரிகளும் மலைப்பாதையில் மூடியைத் திறந்து குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிய காட்சிக்கு ஏற்றம் மட்டும் காரணமில்லை, உயரமும்தான்.

கார்களிலும் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அழுத்த மூடி வழக்கமானது. 1961இல் வந்த ரெனோ 4 இன்னொரு படி போனது. மொத்தக் குளிரூட்டும் அமைப்பையும் சீல் செய்து, பக்கத்தில் ஒரு விரிவுக் குப்பி வைத்தார்கள். சூட்டில் விரியும் நீர் அங்கே போகும், ஆறினால் திரும்பி வரும். அடிக்கடி தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்பதே விற்பனைக்குச் சொன்ன பெருமை.

பெருமைதான். ஆனால் சீல் செய்த வீட்டில் ஒருமுறை காற்று புகுந்துவிட்டால்?

பானட் இறங்கியது, உச்சி மாறியது

ரேடியேட்டரை உயரமாக வைக்கும் கட்டாயம் பம்ப் வந்ததும் போய்விட்டது. எவ்வளவு தாழ்வாக வைத்தாலும் பம்ப் தள்ளிவிடும். கார் வடிவமைப்பவர்களுக்குக் கொண்டாட்டம். மூக்கைத் தாழ்த்தினால் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும், பார்க்கவும் அழகு. மேலிருந்து கீழே ஓடிய தண்ணீரைப் பக்கவாட்டில் ஓடவைத்து ரேடியேட்டரைக் குட்டையாக்கினார்கள்.

இன்னொரு பக்கம் ஹீட்டர். 1938இல் அமெரிக்காவின் நாஷ் நிறுவனம் வெளிக்காற்றை என்ஜினின் சுடுநீரில் சூடாக்கி உள்ளே அனுப்பும் முறையைக் கொண்டுவந்தது. பிறகு எல்லாக் கார்களிலும் டேஷ்போர்டுக்குள் ஒரு குட்டி ரேடியேட்டர் உட்கார்ந்துகொண்டது. அதுவும் பல கார்களில் முன்னால் இருக்கும் பெரிய ரேடியேட்டரைவிட உயரத்தில்.

இப்போது கணக்குப் போடுங்கள். காற்று உச்சிக்குத்தான் போகும். ஆனால் உச்சி இப்போது மூடி இருக்கிற இடம் இல்லை. என்ஜின் ஹெட்டின் ஒரு மூலை, ஹீட்டர் ஹோஸின் ஒரு வளைவு. அங்கே வாசல் கிடையாது. காற்று வசதியாகக் குடியேறிவிட்டது.

பதிலுக்கு ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார்கள். ஹோஸின் உச்சியில் ஒரு சின்ன ஸ்க்ரூ, திறந்தால் காற்று வரும். தெர்மோஸ்டாட்டில் ஒரு குட்டித் துளை, அதில் ஆடுகிற ஒரு ஊசி, காற்று நழுவ. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பிளாஸ்டிக் டப்பா, அதற்கு மெல்லிய ஹோஸ், ஓடும்போதே குமிழி பிரிய. 1984இல் வந்த டொயோட்டா எம்ஆர்2வில் என்ஜின் நடுவில், ரேடியேட்டர் முன்னால். நீண்ட குழாய்கள். அதில் காற்று எடுக்கவேண்டுமானால் முன் டிக்கியில் இருக்கும் வால்வுகளில் பிளாஸ்டிக் குழாயை மாட்டி, உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீர் ஊற்ற வேண்டும். எடுத்துவிட்ட உயரத்தைக் கையால் திருப்பிக் கொடுக்கிறார்கள்!

ஒரு என்ஜினுக்கு வந்த கெட்ட பெயர்

காமர்ஸ் மாணவனாக என்னை அதிகம் யோசிக்க வைத்தது பிரிட்டனின் ரோவர் கே-சீரிஸ் என்ஜின். 1988இல் வந்தது. அலுமினியம், மிக லேசானது, நல்ல சக்தி. சீக்கிரம் சூடேறவேண்டும் என்று உள்ளே ஓடும் தண்ணீரின் அளவைக் குறைத்தே வடிவமைத்திருந்தார்கள். காகிதத்தில் அருமை.

அளவு குறைவு என்றால், கொஞ்சம் கசிந்தாலும் பெரிய இழப்பு. கசிந்த இடத்தில் காற்று. 1995இல் வந்த எம்ஜிஎஃப் ஸ்போர்ட்ஸ் காரில் இதே என்ஜினை இருக்கைகளுக்குப் பின்னால் வைத்து, ரேடியேட்டரை முன்னால் வைத்தார்கள். தண்ணீர் வண்டியின் அடியில் நீண்ட குழாய்களில் போய்வர வேண்டும். காற்றை ஒரே இடத்தில் எடுத்தால் போதாது, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் எடுக்கவேண்டும். ஒழுங்காக எடுக்காத வண்டிகள் சூடாகி கேஸ்கட்டை இழந்தன.

நியாயமாகச் சொன்னால் காற்று மட்டும் குற்றவாளி இல்லை. கேஸ்கட்டின் வடிவம், ஹெட்டைப் பொருத்தப் பயன்படுத்திய பிளாஸ்டிக் டாவல்கள், சூடான என்ஜினுக்குள் திடீரென்று குளிர்ந்த நீரை விடும் தெர்மோஸ்டாட்டின் இடம் என்று பல காரணங்கள் பேசப்படுகின்றன. பின்னாளில் டாவல்களை எஃகுக்கு மாற்றினார்கள், தெர்மோஸ்டாட்டையும் இடம் மாற்றினார்கள். 2005 ஏப்ரலில் எம்ஜி ரோவர் நிறுவனம் திவாலானதற்கு வேறு பெரிய காரணங்கள் உண்டு. ஆனாலும் ஒரு நல்ல என்ஜின் கடைசி வரை 'கேஸ்கட் போகிற என்ஜின்' என்றே பெயர் வாங்கியது. வாங்கும்போது விலைப்பட்டியலில் தெரியாத செலவு, பிறகு பெயரைக் கெடுத்துவிடுகிறது.

நம்ம ஊர் மெக்கானிக்

இப்போது எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறேன். முதலில் எனக்கு அந்த மெக்கானிக் அண்ணன் மேல் கோபம்தான். கதையைப் படித்த பிறகு வேறு மாதிரி தோன்றுகிறது.

அவர் தொழில் கற்றது அம்பாசிடரிலும் பத்மினியிலும். 1957இல் வந்து 2014இல் உற்பத்தி நின்ற அம்பாசிடரின் ரேடியேட்டர் செங்குத்தாக நிற்கும். மூடி உச்சியில். தண்ணீரை ஊற்றி, மூடி போடாமல் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, குமிழி நின்றதும் மறுபடி ஊற்றினால் வேலை முடிந்தது. அவர் எங்கள் வண்டிக்குச் செய்ததும் கிட்டத்தட்ட அதுதான். அந்தக் காலத்து வண்டிக்கு அது சரியான வேலை. அவர் சோம்பேறித்தனத்தால் விட்ட வேலை அல்ல அது. அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த வண்டியில் அப்படி ஒரு வேலையே இல்லை.

வண்டியின் மூக்கைத் தாழ்த்தியவர்கள் தொழிற்சாலையில் தங்களுக்கு வழி செய்துகொண்டார்கள். அங்கே உள்ளே இருக்கும் காற்றை முழுக்க உறிஞ்சி வெற்றிடமாக்கிவிட்டு, அதற்குப் பிறகே கூலன்ட்டை உள்ளே விடுகிறார்கள். காற்றே இல்லை, எங்கே மாட்டும்? அதே முறைக்கான கருவி இப்போது கம்ப்ரசரில் மாட்டி ஓட்டும்படி கிடைக்கிறது. மின்சார வாட்டர் பம்ப் வைத்த சில பிஎம்டபிள்யூ கார்களில் ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஆக்ஸிலரேட்டரைப் பத்து விநாடி மிதித்தால், பம்ப் தானே சுமார் 12 நிமிடம் சுற்றிக் காற்றை வெளியேற்றிவிடும். என்ஜினே இல்லாத மின்சாரக் கார்களிலும் பேட்டரியைக் குளிர வைக்கத் தண்ணீர் ஓடுகிறது. அங்கேயும் காற்று எடுக்கத்தான் வேண்டும்.

ஆனால் அந்த அறிவு நம் தெரு முனை ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியோடு சேர்ந்து வந்து சேரவில்லை. வடிவத்தை மாற்றியவர்கள் மிச்சப்படுத்தியதை, எங்கள் மாமா 27,000 ரூபாயாகக் கட்டினார்.

கடைசியாக, உங்களுக்கு

ஹோஸ், பம்ப், ரேடியேட்டர் எதை மாற்றினாலும் "ஏர் எடுத்தாச்சா அண்ணே?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். உங்கள் வண்டியின் கையேட்டில் அதற்கு முறை எழுதியிருக்கும். பொதுவாக என்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது, வண்டியின் முன்பக்கம் கொஞ்சம் உயரமாக இருக்கும்படி நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்று ஸ்க்ரூ இருந்தால் திறந்து, மெதுவாக ஊற்ற வேண்டும். ஸ்க்ரூவில் குமிழியில்லாமல் தண்ணீர் வந்ததும் மூடி, தெர்மோஸ்டாட் திறக்கும் வரை ஓடவிட்டு, ஆறிய பிறகு மட்டம் பார்க்க வேண்டும். என்ஜின் சூடாக இருந்தும் ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால், உள்ளே இன்னும் காற்று இருக்க வாய்ப்புண்டு. சூடான என்ஜினில் மட்டும் மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

வண்டியைச் சரிசெய்து எடுத்தபோது நான் படித்ததை அந்த மெக்கானிக் அண்ணனிடம் சொன்னேன். முதலில் "புக்கு படிச்சுட்டு எனக்கே பாடமா?" என்று முறைத்தார். பிறகு பானட்டைத் திறந்து, ஹீட்டர் ஹோஸ் மேலே ஒளிந்திருந்த அந்தச் சின்ன ஸ்க்ரூவை விரலால் தொட்டுப் பார்த்தார். "இது எதுக்குன்னு இத்தனை நாளா தெரியாமப் போச்சே தம்பி" என்றார்.

போன மாதம் கொடைக்கானல் போய்வந்தோம். முள் பாதியில் அசையாமல் நின்றது. இந்த முறை மாமா ஐஸ் என்று சொல்லவில்லை, வழியெல்லாம் முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார் :-)

அடுத்த பதிவில் வேறொரு விஷயத்தோடு சந்திப்போம்.